பாதம் முந்துதல்

ரொட்டித் துணுக்குகள் கறுத்துக்கொண்டு வருகின்றன, என் விரல்களுக்கும் தாளுக்கும் நடுவே உருண்டு உருண்டு, முதலில் சாம்பல் நிறம், பிறகு எறும்பு நிறம், ஒரு பக்கம் முடிந்ததும் உள்ளங்கையால் கூட்டி அள்ளிக் கைப்பிடிச் சுவரின் மேல் போடுகிறேன், காக்கை வருகிறது, ஒன்றுதான், தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கிறது, துணுக்கைப் பார்க்கிறது, கொத்துகிறது, அப்படியானால் நான் மொட்டைமாடியில் இருந்திருக்கிறேன், மேசையை மாடிக்குத் தூக்கியது யார், இல்லை, மேசை இல்லை, பலகை, சம்மணம் போட்டு மடியில் பலகை வைத்து உட்கார்ந்திருந்தேன், உச்சி வெயில் நேராகத் தலையில் இறங்கியது, தாள் கண்ணைக் கூச வைத்தது, தாளின் ஓரத்தில் பென்சிலால் என்ன எழுதியிருந்தது, அந்த இடம் வந்ததும் காக்கை பறந்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், ரொட்டி, விரல், சாம்பல் நிறம். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு நடுப்பகலைத் தினமும் இப்படி உட்கார்ந்து தேடுகிறேன். தேடச் சொன்னது தமயந்தி என்ற அம்மாள். நெனச்சுப் பாருங்க சார், அழிச்சது உங்க கைதான, கைக்கு மறந்திருக்கும், கண்ணு பாத்திருக்கும்லா, என்றார் டெலிபோனில், கோபமே இல்லாமல், கோபப்பட்டிருந்தால் நான் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

முப்பத்தொரு வருஷம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்தேன், பாளையங்கோட்டையில் வீடு, தோல்பை ஒன்று, திருச்செந்தூர், சாத்தான்குளம், நாங்குநேரி, வள்ளியூர் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி டாக்டர் வீட்டு வராந்தாக்களில் நோயாளிகளோடு நோயாளியாகக் காத்திருப்பேன், டாக்டர்களின் தலைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி இருக்கும், அதில் அவர்களும் திறக்காத, அவர்கள் அப்பாவும் திறக்காத புத்தகங்கள் இருக்கும், நான் மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டே முதுகு எழுத்துகளைப் படிப்பேன், காலரா, அம்மை, கண் சிகிச்சை, பாம்புக்கடி, ஒரு நாள் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு டாக்டர் செத்துப்போனார், துக்கம் கேட்கப் போனபோது அந்த அலமாரியை எடைக்குப் போடப் பேசிக்கொண்டிருந்தார்கள், காலராப் புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கினேன், தாமிரபரணிக் கரையின் ஊர்களெல்லாம் சிவப்புப் புள்ளியாகப் போட்ட வரைபடம் ஒன்று மடித்து வைத்திருந்தது, அதைப் பிரித்த நாளில் பிடித்த பைத்தியம். அதன் பிறகு பேப்பரில் இறப்பு விளம்பரம்தான் முதலில் படிப்பேன். ஒரு முறை வைத்திருந்தேன், துஷ்டி கேட்க ஒரு தடவை போவேன், புத்தகத்தைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன், பதினாறு கழிந்து பதினேழாம் நாள் காலையில் பழத்தோடு போவேன், அன்றைக்குத்தான் வீட்டில் அடுத்து என்ன என்று யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள், பதினெட்டாம் நாள் பழைய பேப்பர்காரன் வந்துவிடுவான். என் மனைவி கோமதி இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். பதினேழாம் நாள் விசேஷத்துக்குக் கெளம்பியாச்சா, என்பாள், சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்துக்கொண்டே. வீட்டில் கிழக்கு அறை புத்தக அறையானது, கிழக்கு ஜன்னலை அட்டை வைத்து அடைத்தேன், பழைய தாளுக்கு வெயில் ஆகாது, முப்பது வருஷமாக அந்த அட்டையை எடுத்ததில்லை, வசம்பும் வேப்பிலையும் மணக்கும் இருட்டு அது, கோமதி உள்ளே வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு வருவாள், நூற்று எண்பத்தாறு புத்தகங்கள், எல்லாம் நோயும் சாவும், அதில் ஒன்றே ஒன்றுதான் பிறப்பைப் பற்றியது.

அதைக் கொடுத்தது ஆசீர்வாதம் வாத்தியார். அவருடைய அக்கா சுகிர்தம் கடற்கரைப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நாற்பது வருஷம் பிரசவ நர்ஸ், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆஸ்பத்திரி மூடிய பிறகும் அந்தக் குவார்ட்டர்ஸிலேயே இருந்து செத்தார், நான் வழக்கம்போல் பதினேழாம் நாள் போய் நிற்கிறேன், எங்களுக்குப் பதினாறு கிடையாது சார், நீங்க எதை எண்ணி வந்தீங்க, என்று வாத்தியார் சிரிக்கிறார், அவருக்கு அப்போது எழுபத்தைந்து இருக்கும், ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணியில் சுற்றியதை எடுக்கிறார், துணியைப் பிரிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில் அச்சான பேறுகால மருத்துவ நூல், தமிழில், தலைப்புப் பக்கம் கிழியாமல், மரத்தில் செதுக்கி அச்சடித்த படங்கள் இருபத்திரண்டும் இருக்கின்றன, கருப்பைக்குள் பிள்ளை குந்தியிருக்கிறது, குப்புறக் கிடக்கிறது, குறுக்கே படுத்திருக்கிறது, பக்க எண்கள் தமிழ் எண்ணில், இப்படி ஒரு பிரதி இருக்கிறது என்று யாரும் எங்கும் எழுதியதில்லை, நான் முகத்தை வெயிலுக்குச் சுருக்கியதுபோல் வைத்துக்கொள்கிறேன். என்ன தரணும் வாத்தியார் ஐயா என்று கேட்டேன். ஒண்ணும் தர வேண்டாம், அக்கா வேதத்துக்கு அடுத்து இதைத்தான் வாசிப்பா, அவ கை பட்டது, பத்திரமா வச்சுக்கிடுங்க, அது போதும், என்றார். என் விசிட்டிங் கார்டை வாங்கித் தம் வேதாகமத்துக்குள் வைத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்தில் மீன் கூடை, ஓரங்களில் பென்சில் எழுத்து இருப்பதை அப்போதுதான் பார்த்தேன், நாலைந்து வரியாகப் பொடி எழுத்து, தேதிகள், பெயர்கள், எல்லாப் பக்கத்திலும் இல்லை, கடினமான பிரசவங்களைச் சொல்லும் அதிகாரத்தில்தான் அதிகம், சிசுவின் பாதம் முந்துதல் என்ற பக்கத்தில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் எழுதி இடமே இல்லை, நர்ஸ் குறிப்பு என்று நினைத்தேன், நினைத்து, அதைத் தாண்டிப் படத்தைப் பார்த்தேன்.

இரண்டு வருஷம் அது அப்படியே இருந்தது. பிறகு சென்னையிலிருந்து ஒரு இருதய டாக்டர் வந்தார், அவரும் சேகரிப்பவர், காரில் வருபவர், என் அறைக்குள் வந்து எல்லாவற்றையும் கை படாமல் பார்த்தார், இதை மட்டும் கையில் வாங்கினார், இரண்டு நிமிஷம் பேசவில்லை, அந்த இரண்டு நிமிஷத்தை நான் ஒரு மாதம் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கலாம், ஆனால் மூடிக் கொடுக்கும்போது சொன்னார், அருமையான பிரதி, என்ன, கிறுக்கிட்டாங்க. அவ்வளவுதான் சொன்னார். மருத்துவக் கல்லூரி ஒன்றின் விழாவுக்குக் கண்காட்சி வைக்கிறோம், கொடுத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம், என்றும் சொன்னார். அந்தக் கிறுக்கல் என்ற சொல் வீட்டிலேயே தங்கிவிட்டது, புத்தகத்தைத் திறந்தால் அதுதான் தெரிந்தது, படம் தெரியவில்லை. ரப்பர் போட்டால் பழைய தாள் நார் எழும்பிவிடும், மதுரையில் ஒரு பைண்டர் எனக்கு வழி சொல்லியிருந்தார், அன்றைக்குச் சுட்ட ரொட்டி, ஓரத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே இருக்கிற வெள்ளையை மட்டும் பிசைந்து உருட்டித் தேயுங்க, பென்சில் அதுக்குள்ள ஏறிக்கிடும், தாளுக்கு நோகாது. தாளுக்கு நோகவில்லை. மூன்று நாள் ஆயிற்று, மூன்று முழு ரொட்டி, கோமதி கேட்டாள், உடம்பு சரியில்லையா, ஏன் ரொட்டியா வாங்குதிய, என்று. மூன்றாம் நாள்தான் பாதம் முந்துதல், இருநூற்றுப் பதினாலாம் பக்கம், அந்த நர்ஸ் அம்மாள் அழுத்தி எழுதுகிறவர், ஓர் இடத்தில் இரண்டு தடவை தேய்க்க வேண்டியிருந்தது, முடித்ததும் ஓரங்கள் வெளுத்து அகலமாகி, அச்சிட்ட நாளில் இருந்ததுபோல் இருந்தது, காக்கை தின்றது, நான் வேடிக்கை பார்த்தேன், கண்ணாடிப் பெட்டியில் அது மூன்று நாள் இருந்தது, இருதய டாக்டர் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை இன்றைக்கும் தோள் வைத்திருக்கிறது. ஓரத்தில் இருந்த வரிகளில் ஒன்றைக்கூடக் கண் வைத்துக்கொள்ளவில்லை.

தமயந்தி அம்மாள் போன ஆவணியில் வந்தார். வாசலில் நின்று என் பழைய கார்டை நீட்டினார், கம்பெனிப் பெயர் போட்டது, அந்தக் கம்பெனியே இப்போது இல்லை, ஆசீர்வாதம் வாத்தியார் கொடுத்தாங்க, அவங்களுக்குத் தொண்ணூறு ஆவப்போவுது, கண்ணு தெரியலை, கார்டு எங்க இருக்குன்னு மட்டும் தெரியுது, என்றார். கோவில்பட்டியில் இருக்கிறார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தேழு வயது, பேசும்போது குரலை நம் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பவர். அந்த நேரம் பார்த்துக் கோமதி இடுப்புப் பிடித்துக் கூடத்தில் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள், வந்தவரை வாங்க என்று சொல்லத்தான் முடிந்தது, எழ முடியவில்லை, அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார், இடுப்பா, எத்தனை நாளாச்சு, நாலு நாளாச்சு என்றாள் கோமதி, தப்பா நெனைக்கக் கூடாது, குப்புறப் படுங்க, நான் காலால ஒரு தள்ளு தள்ளுதேன், பொறக்கும்போதே காலை நீட்டிக்கிட்டு வந்தவளாம் நான், அப்படிப் பொறந்தவ மிதிச்சா பிடிப்பு விட்டுரும்பாங்க, எங்க தெருவுல எவருக்கு இடுப்புப் பிடிச்சாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க, ஸ்டேஷன் மாஸ்டரையே மிதிச்சிருக்கேன். கோமதி சிரித்தாள், சிரித்தால் வலித்தது, அம்மா சிரிக்க வைக்காதிய, மிதிக்கதுன்னா மிதிச்சிருங்க, என்று குப்புறப் படுத்தாள். முன்பின் தெரியாத ஒருவர் என் மனைவியின் இடுப்பில் மூன்று முறை குதிகாலை வைத்து எடுத்தார். வைத்தியத்தின் வரலாறு நூற்று எண்பத்தாறு புத்தகமாக உள்ளே இருக்க நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோமதி எழுந்து உட்கார்ந்தாள், பிடிப்பு விட்டதா சிரிப்பில் மறந்ததா தெரியாது, அவளே காபி போட்டாள்.

காபியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் சொன்னார். நான் எடுத்து வளத்த பிள்ளை, எங்கப்பா ரயில்ல கார்டா இருந்தவர், அவர் சாகும்போது ஆஸ்பத்திரி பேரும் சுகிர்தம்னு நர்ஸ் பேரும் சொன்னார், எங்கம்மா கடைசி வரைக்கும் சொல்லலை, சித்தி மட்டும் கோவம் வந்தா சொல்லுவா, பெத்தவளே வேண்டாம்னு போட்டுட்டுப் போனவதான நீ, அப்படீன்னு, அது நெஜமான்னு தெரியணும், ரெண்டாவது எங்கம்மை பேரு தெரியணும், வேற ஒண்ணும் வேண்டாம், ரெஜிஸ்டரெல்லாம் கூரை விழுந்து மழையில போச்சாம், சுகிர்தம் அக்கா கஷ்டமான பிரசவமா இருந்தா அந்த நோய் எந்தப் பக்கத்துல இருக்கோ அந்தப் பக்கத்து ஓரத்துல எழுதி வைப்பாவளாம், பேரு, ஊரு, என்ன ஆச்சுன்னு, ஈரக் கையோட பேனா பிடிச்சா மசி ஊறும்னு பென்சில்ல எழுதுவாவளாம், வாத்தியார் சொன்னார், நான் கால் முந்தி வந்தவ, அம்பத்தேழு அக்டோபர் மூணு, அந்தப் பக்கத்துலதான இருக்கணும். அவர் சொல்லி முடித்தபோது என் காபி ஆறியிருந்தது. புத்தகத்தை எடுத்து வந்தேன். என் கையாலேயே இருநூற்றுப் பதினாலைத் திறந்து வைத்தேன். கால்கள் கீழே தொங்க ஒரு பிள்ளை படத்துக்குள் இருந்தது, சுற்றிலும் வெள்ளை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், அடுத்த பக்கம் பார்த்தார், முந்திய பக்கம் பார்த்தார், அவசரமில்லாமல் கடைசித் தாள் வரை புரட்டினார், மூடி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். வயசாயிட்டுல்லா, வாத்தியாருக்கு வேற எந்தப் புஸ்தகமோ நெனப்புல இருக்கும், என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, அதை நான் நேர்மை என்று நினைத்துக்கொண்டேன், பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன், ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்தேன், பஸ் கிளம்பும்போது கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.

திரும்பி வந்தபோது கோமதி வாசற்படியிலேயே இருந்தாள். அந்த ரொட்டி, என்றாள். அவள் மறக்கவில்லை. மூணு நாளா மாடியில உக்காந்து தேச்சியளே, அது இதுதான. ஆமாம் என்றேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், அவ்வோ கால வச்ச இடம் இன்னும் சூடா இருக்கு, போன் பண்ணிச் சொல்லிருங்க, என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒன்பது நாள் கழித்துச் சொன்னேன். ஒன்பது நாளும் டெலிபோன் பக்கம் போவேன், வருவேன், பத்தாவது நாளில்லை, ஒன்பதாம் நாள் சாயங்காலம், மழை தூறிக்கொண்டிருந்தது, எழுத்து இருந்துச்சு அம்மா, நான்தான் அழிச்சேன், சுத்தமா இருக்கணும்னு, ரொட்டியால. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை, வைத்துவிட்டார் என்று நினைத்தேன், ஆனால் நாற்பது வருஷம் அடுத்தவர்கள் பேச்சுக்கு வழி விட்டுக் காத்திருந்தவர், லைனிலேயே இருந்தார். ரொட்டியாலயா, என்றார். பிறகு, அழிக்குமுன்ன வாசிச்சியளா. வாசித்த ஞாபகம் இல்லை என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னார், கைக்கு மறந்திருக்கும், கண்ணு பாத்திருக்கும்லா, நெனச்சுப் பாருங்க சார், எனக்கு அவசரமில்ல.

அதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருட்டறையில் விளக்கைப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ரொட்டி, விரல், சாம்பல் நிறம், அழிந்தது திரும்ப வர வேண்டும் என்றால் கையைப் பின்னால் ஓட்டினால் போதும் என்பதுபோல், துணுக்குகள் காக்கையின் அலகிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு வருகின்றன, சுவரிலிருந்து என் உள்ளங்கைக்கு, உள்ளங்கையிலிருந்து தாளுக்கு, கறுப்பு வெளுக்கிறது, எழுத்து ஊறுகிறது, செண்பகம் என்று படிக்கிறேன், விழித்துக்கொள்கிறேன், நாற்காலியிலேயே தூங்கியிருக்கிறேன். மறுநாள் அன்னத்தாய் என்று படித்தேன். இன்னொரு நாள் கனவில் சுகிர்தம் அக்காவே வந்தார், அவரை நான் பார்த்ததேயில்லை, வெள்ளைச் சேலையில் கடல் வாடையோடு வந்து, ஈரக் கையை என் சட்டையில் துடைத்துவிட்டு, நீங்க எந்த மருந்துக் கம்பெனி, என்று கேட்டார், நான் பையைத் திறந்தேன், பை நிறைய ரொட்டி. கனவும் ஞாபகமும் ஒரே பென்சிலால் எழுதினதுபோல் இருந்தன, எது நான் அன்றைக்குப் பார்த்தது, எது இன்றைக்கு உண்டாக்கியது என்று சொல்ல முடியவில்லை, செண்பகம் மட்டும் மூன்று தடவை வந்துவிட்டாள், வயது இருபது, பிள்ளையைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள் என்று முழு வரியே எனக்கு மனப்பாடம், அது உண்மையாகவே இருக்கலாம், ஒருவரும் சரிபார்க்கப் போவதில்லை, அந்த அம்மாள் நிம்மதியாக இருப்பார், நானும். ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு டெலிபோனை எடுத்தேன். கோமதி காகிதத்தைப் படித்தாள். இது அதுல இருந்துச்சா என்றாள். இருந்திருக்கும்னு தோணுது என்றேன். அவள் காகிதத்தைத் திரும்ப என் முன்னால் வைத்தாள். அவ்வோ ஆயுசுக்கும் இந்தப் பேரைச் சொல்லிக் காக்காய்க்குச் சோறு வைப்பாவ, ஊரான் அம்மைக்கு, என்றாள். நான் டெலிபோனை வைத்தேன்.

அதன் மறுநாள் காலையில், விடிந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும், நான் அந்தப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன், கோமதி அறைக்குள் வந்தாள், மூச்சை அடக்கவில்லை, நேரே ஜன்னலுக்குப் போய் அட்டையைப் பிடித்து இழுத்தாள், முப்பது வருஷ ஒட்டு, கிழிந்துதான் வந்தது, ஐயோ வெயில், என்றேன், எழுந்தேன். அழிக்கதெல்லாம் அழிச்சாச்சு, இனி வெயில் வந்து என்னத்த அழிச்சிரப்போவுது, இந்த அறையில மனுஷர் உக்காந்தா பேரு இல்ல, உசுரே மறந்துரும், என்றாள், ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள். வெயில் வந்தது. எதிர்வீட்டு மதிலுக்கு மேலே அப்போதுதான் வந்திருந்த வெயில், இறங்கவில்லை, படுத்துக்கொண்டு வந்தது, மேசையின் விளிம்பைத் தொட்டு, தாளின் மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நீர் பாய்வதுபோல் தட்டையாகப் பாய்ந்தது, நான் புத்தகத்தை மூடக் கையை நீட்டினேன், கை அந்தரத்தில் நின்றது. வெள்ளை ஓரம் வெள்ளையாக இல்லை. உழுத வயல்போல் இருந்தது. அழுத்தி எழுதிய கை, கறுப்பு போய்விட்டது, அழுத்தம் போகவில்லை, ஒவ்வொரு பள்ளத்திலும் நூல் அளவு நிழல் நின்றது, ஒரு சுழி, ஒரு கொம்பு, ஒரு மூன்று. ரொட்டி தாளுக்கு நோகாமல்தான் தேய்த்திருக்கிறது. நான் அன்றைக்கு உச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தேன், உச்சி வெயிலுக்கு நிழல் இல்லை. கோமதி குனிந்தாள், இது எழுத்துல்லா, என்றாள், வாசிங்க. நான் வாசிக்கவில்லை. தாளின் மேல் ஒரு துணியை விரித்து மூடினேன். டெலிபோனில் அந்த அம்மாளிடம், எழுத்து இருக்கு, என்னன்னு நான் பாக்கலை, காலையில கொஞ்ச நேரம்தான் தெரியும், வந்தா பாக்கலாம், என்றேன். ஏன் பாக்கலை, என்று கேட்டார். ஒருக்க நான் முதல்ல பாத்தேன் அம்மா, அப்போ அழிச்சேன், என்றேன்.

காலை வெயிலுக்காக முந்தின நாள் சாயங்காலமே வந்து தமயந்தி அம்மாள் எங்கள் வீட்டில் தங்கினார். கோமதியும் அவரும் தொலைக்காட்சித் தொடர் பார்த்தார்கள், ஸ்டேஷன் மாஸ்டரை மிதித்த கதையை முழுசாகச் சொல்லி இருவரும் சிரித்தார்கள், விடிவதற்கு முன்னால் குளித்துவிட்டுத் தலையை முடிந்துகொண்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தார், நானும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன், டாக்டர் வீட்டு வராந்தாவில் காத்திருப்பதுபோல் மூன்று பேரும் இருந்தோம், மதிலின் மேல் மஞ்சள் வந்தது. துணியை எடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், எனக்குக் கண்ணுல ஆப்ரேஷன் பண்ணது, கூசுது, நீங்களே வாசிங்க, நான் லைன்ல கேக்க மாதிரி கேட்டுக்கிடுதேன், என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் தேதிகளாகத் தேடிக்கொண்டு போனேன், மேல் ஓரத்தில் நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, பக்க ஓரத்தில் ஐம்பத்துநாலு, தாளைக் கொஞ்சம் திருப்பினேன், நிழல் புரண்டது, கீழ் ஓரத்தில் மூன்று, பத்து, ஐம்பத்தேழு. மாடத்தி, என்றேன். அவர் உதடு அசைந்தது. வயசு பத்தொன்பது. ஊர், அந்த இடத்தில் நிறுத்தினேன், அதுதான் நான் இரண்டு தடவை தேய்த்த இடம், தாள் அங்கே சமமாக இருந்தது, எந்தப் பக்கம் திருப்பினாலும் சமமாகவே இருந்தது, ஊரு தெரியலை அம்மா, அது போயிட்டு, என்றேன். மேல வாசிங்க, என்றார். பெண். பாதம் முந்தியது. மூச்சு தாமதம், பிறகு அழுதது. தாய் பிள்ளையை வாங்கி மார்பில் வைத்தாள். விளக்கு ஏற்றும் வரை கொடுக்கவில்லை. இரத்தம் நிற்கவில்லை. ஏழு மணிக்கு அவள் கையிலிருந்து நான் எடுத்தேன். அதோடு முடிந்தது. அவள் கையிலிருந்து, என்று நான் இன்னொரு முறை வாசித்தேன், யாரும் கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எழுத்துகள் கீழிருந்து ஒவ்வொன்றாகத் தாளுக்குள் இறங்கின, பாதம், பெண், மாடத்தி, ஓரம் வெளுத்துவிட்டது, அவர் அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார், நாளைக்கும் தெரியுமா என்று கேட்டார், நாளைக்கும் தெரியும் என்றேன்.

கோமதி காபியும் தட்டில் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள், அவ்வளவு காலையில் வேறு ஒன்றும் இல்லை. அவர் காபியைக் குடித்தார். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, மாடிக்கு எந்தப் பக்கம், என்றார். நானும் பின்னால் ஏறினேன். கைப்பிடிச் சுவர் இன்னும் பனி ஈரமாக இருந்தது, அவர் ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளித் தட்டில் போட்டுவிட்டு நடுவில் இருந்த வெள்ளையை மட்டும் எடுத்தார், எப்படி அது தெரிந்தது, நான் அதை அவரிடம் சொல்லவில்லை, விரல்களுக்கு நடுவே வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டினார், உருட்டி உருட்டிச் சின்னச் சின்ன உருண்டையாகச் சுவரின் மேல் வரிசையாக வைத்தார், வாய்க்குள் பெயரைச் சொன்னார். எந்த ஊருன்னு தெரிஞ்சா அங்கயே போயி வச்சிருப்பேன், என்றார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். காக்கை வந்தது, ஒன்றுதான், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அதே காக்கையாக இருக்க முடியாது, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது, உருண்டைகளைப் பார்த்தது, அவை வெள்ளையாக இருந்தன, கொத்தியது.